அறிவின் இயக்கமும் அரசின் சாட்டையும்
முஃதஸிலா குறித்த இரு வாசிப்புகள்: ஒரு திறனாய்வு

நம் அரபுக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கப்படும் அகீதா நூல்களுள் தலையாயது அல்லாமா ஸஅதுத்தீன் தஃப்தாஸானீ (ரஹ்) அவர்களின் ‘ஷரஹுல் அகாயித்’ ஆகும். ஹிஜ்ரி 792இல் (கி.பி. 1390) மறைந்த அப்பேரறிஞர், தம் நூலின் முன்னுரைப் பகுதியில் முஃதஸிலாக்கள் பற்றி இரு நிகழ்ச்சிகளைக் கூறுகிறார். பெரும்பாவம் செய்தவன் முஃமினா, காஃபிரா என்னும் வினா இமாம் ஹஸனுல் பஸரீ (ரஹ்) அவர்களின் அவையில் எழுந்தபோது, அவன் இரண்டுமல்லன், இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையினன் என்று கூறி வாஸில் இப்னு அதா அவ்வவையை விட்டு விலகினார் என்பது முதலாவது. மூன்று சகோதரர்களின் மறுமை நிலை குறித்து அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்) அவர்கள் தம் ஆசிரியர் அபூஅலீ அல்ஜுப்பாயீயிடம் வினவ, அவர் மறுமொழியின்றித் திகைத்தார் என்பது இரண்டாவது.

முதல் நிகழ்ச்சி முஃதஸிலா இயக்கத்தின் பிறப்பைச் சொல்கிறது. இரண்டாவது அதன் வீழ்ச்சியைச் சொல்கிறது. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் உள்ளன. அந்த இடைவெளியில் இவ்வியக்கம் அரசவைக்குள் நுழைந்தது. காழிகளின் நியமனத்தைத் தீர்மானித்தது. ஹதீஸ் கலை அறிஞர்களின் கைகளில் விலங்கு பூட்டப்படுவதற்குக் காரணமாயிற்று. பின்னர் அரசவையிலிருந்து வெளியேற்றப்பட்டு, தன்னை மறுத்தோரின் நூல்களுக்குள்ளேயே தன் வினாக்களை விட்டுச் சென்றது. அகீதா நூல் ஒன்றில் இவ்வரலாற்றை எதிர்பார்த்தல் முறையன்று. ஆயினும் மாணவர்களாகிய நாமும் ஆசிரியர்களாகிய நாமும் அவ்விரு நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுகிறோம். ‘முஃதஸிலா’ என்பது வாதமேடைகளில் எதிராளியின் மீது வீசப்படும் வசைச்சொல்லாகச் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபுறத்தில் இதற்கு நேர்மாறான ஒரு வாசிப்பும் உண்டு. ஹைன்ரிக் ஸ்டைனர் என்னும் ஐரோப்பிய அறிஞர் 1865இல் வெளியிட்ட ஜெர்மன் நூலின் தலைப்பிலேயே முஃதஸிலாக்களை இஸ்லாத்தின் ‘சுதந்திரச் சிந்தனையாளர்கள்’ என்று அழைத்தார். ஸையித் அமீர் அலீ 1891இல் வெளியிட்ட ‘இஸ்லாத்தின் ஆன்மா’ என்னும் ஆங்கில நூலில் அவர்களையும் கலீஃபா மஃமூனையும் வியந்து போற்றினார். எகிப்திய அறிஞர் அஹ்மத் அமீன், 1930களில் வெளிவந்த ‘ளுஹல் இஸ்லாம்’ என்னும் நூலில், முஃதஸிலாக்கள் மறைந்தமை முஸ்லிம்களுக்கு நேர்ந்த பேரிழப்பு என்று வருந்தினார். இவ்வாசிப்பின்படி, முஃதஸிலா வீழ்ந்த நாளில் முஸ்லிம் உலகின் அறிவு விளக்கும் அணைந்துவிட்டது.

ஒரு வாசிப்பு அவர்களை வழிகெட்டோர் என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்குகிறது. மற்றது அறிவின் ஷஹீதுகளாக உயர்த்துகிறது. இரண்டும் ஒரு கருத்தில் உடன்படுகின்றன: முஃதஸிலாவின் தோல்வி அறிவின் தோல்வி என்பதே அது. முன்னவர் அதனை வெற்றியென மகிழ்கின்றனர். பின்னவர் வீழ்ச்சியென அழுகின்றனர். அந்தப் பொதுக் கருத்தே பிழையானது என்பதை வரலாற்றின் துணைகொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘அக்ல்’ என்னும் சொல்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழகத்தில் ‘பகுத்தறிவு’ என்னும் சொல், இருபதாம் நூற்றாண்டின் சமூக இயக்கங்களால், மத மறுப்போடு இணைந்த பொருளைப் பெற்றுவிட்டது. முஃதஸிலாக்கள் கூறிய ‘அக்ல்’ அத்தகையதன்று. அவர்கள் தொழுகையாளிகள், அவர்களுள் பலர் கடும் துறவு மனப்பான்மை கொண்டோர். மானிகளோடும் பிற சமயத்தாரோடும் வாதிட்டு இஸ்லாத்தைக் காத்தோர். தங்களை அவர்கள் ‘அஸ்ஹாபுல் அத்லி வத்தவ்ஹீத்’, அதாவது நீதியையும் ஏகத்துவத்தையும் உடையோர் என்றே அழைத்துக்கொண்டனர். இறைவன் இருக்கிறான், அவன் நீதியாளன் என்பதை மனிதன் வஹீ வந்தடையும் முன்னரே தன் அறிவால் உணர இயலும்; நன்மை தீமைகளைப் பொதுவகையில் அறிவே பிரித்தறியும்; வஹீ அதனை உறுதிசெய்து விரிக்கிறது என்பதே அவர்களின் நிலைப்பாடு. ஆகவே அவர்களைச் சமய மறுப்பாளராகக் கண்டு போற்றுவதும் தூற்றுவதும் ஒருங்கே தவறாகும்.

தவ்ஹீத், அத்ல் (நீதி), நற்கூலி தண்டனை பற்றிய வாக்குறுதியும் எச்சரிக்கையும், இரு நிலைகளுக்கு இடைப்பட்ட நிலை, நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகிய ஐந்தும் அவர்களின் அடிப்படைகள் (உஸூலுல் கம்ஸா) எனப்பட்டன. இவ்வைந்தும் வெறும் ஏட்டுக் கோட்பாடுகளாக நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசியல் முகம் இருந்தது.

நீதிக் கொள்கையும் உமையாக்களின் ஆட்சியும்

மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி என்னும் கருத்து, முஃதஸிலாக்களுக்கு முன்பே கதரிய்யாக்களால் எழுப்பப்பட்டது. ஆட்சியாளர் இழைக்கும் கொடுமைகளும் இறைவிதியே என்று கூறி மக்களை அமைதிப்படுத்துதல் உமையா அரசவைக்கு வசதியாக இருந்த காலம் அது. கொடுமை கொடுமையாளனின் செயல், அதனை இறைவன் மீது சுமத்தலாகாது என்று எவரேனும் கூறினால், அக்கூற்று நேராக அரண்மனை வாயிலைச் சென்று தட்டும். கைலான் அத்திமஷ்கீ, கலீஃபா ஹிஷாமின் ஆட்சியில் (கி.பி. 724–743) கொல்லப்பட்டமைக்கு அவரது அகீதா மட்டுமே காரணமென்று கொள்வதற்கில்லை.

இக்கருத்து ஆட்சியின் மொழியையே ஒரு கணம் மாற்றிய நிகழ்ச்சியும் உண்டு. ஹிஜ்ரி 126இல் (கி.பி. 744) கதரிய்யாக்களின் ஆதரவோடு கலீஃபாவான மூன்றாம் யஸீத் (யஸீத் இப்னுல் வலீத்) ஆற்றிய முதல் குத்பா வரலாற்று நூல்களில் பதிவாகியுள்ளது. கல்மேல் கல் வைத்து மாளிகை எழுப்புவதில்லை, செல்வத்தைக் குவிப்பதில்லை, ஓர் ஊரின் பொருளை அவ்வூராரின் தேவை தீருமுன் வேற்றூருக்குக் கொண்டுசெல்வதில்லை என்று அதில் வாக்களித்தார். வாக்கு மீறினால் தம்மைத் திருந்தச் சொல்லவும், திருந்தாவிடில் பதவியிலிருந்து நீக்கவும் மக்களுக்கு உரிமையுண்டு என்றும் அறிவித்தார். ஆறு மாதங்கள் நிறைவதற்குள் அவர் மறைந்தார். அவ்வாக்குறுதிகளும் அவரோடு மறைந்தன. எனினும் ஆட்சி என்பது நிபந்தனைக்குட்பட்ட பொறுப்பு என்னும் கருத்து அரியணையிலிருந்தே ஒலித்தமை சிறு செய்தியன்று. செயலுக்குச் செய்தவனே பொறுப்பு என்னும் கோட்பாட்டை ஆள்வோன் தன் மீதே பொருத்திக்கொண்ட அரிய தருணம் அது.

முஃதஸிலாக்களின் முன்னோடிகள் ஆட்சியாளரிடம் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதற்கு அம்ர் இப்னு உபைத் (வஃபாத்: ஹி. 144 / கி.பி. 761) தக்க சான்றாவார். அப்பாஸிய கலீஃபா மன்ஸூருக்கு அவர் இளமைக்கால நண்பர். கலீஃபாவான பின் மன்ஸூர் அழைத்தபோது சென்றார். அவரது ஆட்சியில் நிகழும் அநீதிகளை முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். அளிக்கப்பட்ட பொருளை ஏற்க மறுத்துத் திரும்பினார். அவர் மறைந்தபோது மன்ஸூரே இரங்கற்பா பாடினார் என்பர். ஆட்சியாளர் ஒருவர் தம் குடிமகன் ஒருவருக்காக இரங்கற்பா பாடுவது அரிது. நன்மையை ஏவுதல் என்னும் ஐந்தாவது அடிப்படை அன்று இப்படித்தான் விளங்கிற்று: வலியோனிடம் சென்று உண்மையைச் சொல்லுதல், சொன்னபின் வெறுங்கையோடு மீளுதல்.

அறிவு அரசவைக்குள் நுழைந்த காலம்

மன்ஸூரின் காலத்துக்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. கலீஃபா மஃமூன் (கி.பி. 813–833) கல்வியார்வம் மிக்கவர். கிரேக்க நூல்களின் மொழிபெயர்ப்புக்குப் பேராதரவு நல்கியவர். வாதப் பிரதிவாதங்களில் தாமே அமர்ந்து பங்குகொண்டவர். துமாமா இப்னு அஷ்ரஸ் போன்ற முஃதஸிலாக்கள் அவரது அவையில் இடம்பெற்றனர். அபுல் ஹுதைல் அல்அல்லாஃப், நள்ளாம் ஆகியோரின் வாதத்திறன் எங்கும் பேசப்பட்டது.

ஆனால் மஃமூனுக்கு வேறொரு தேவையும் இருந்தது. தம் சகோதரர் அமீனை வென்று, குருதி சிந்திப் பெற்ற அரியணை அது. முற்றுகையால் சிதைந்த பக்தாதில், கலீஃபா குராஸானிலேயே தங்கியிருந்த காலத்தில், பொதுமக்கள் தாமே அணிதிரண்டு கொள்ளையரை அடக்கினர். ஹிஜ்ரி 201இல் (கி.பி. 817) ஸஹ்ல் இப்னு ஸலாமா என்பவர் குர்ஆனையும் ஸுன்னாவையும் முன்னிறுத்தி, நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் என்னும் பெயராலேயே அங்கு மக்களைத் திரட்டினார். ஆட்சியின்றியும் மார்க்கத்தின் பெயரால் மக்கள் தம்மை ஒழுங்குபடுத்திக்கொள்ள முடியும் என்பதை அந்நகரம் கண்டுகொண்டது. அம்மக்களின் மதிப்பும் பற்றும் ஹதீஸ் அறிஞர்களின் பக்கமே இருந்தன. மார்க்கத்தின் இறுதிச்சொல் தம்முடையதாக இருக்க வேண்டுமென விரும்பிய ஒரு கலீஃபாவுக்கு இது உவப்பாக இருந்திருக்க முடியாது.

ஹிஜ்ரி 212இல் (கி.பி. 827) குர்ஆன் படைக்கப்பட்டது (கல்குல் குர்ஆன்) என்னும் கொள்கையை மஃமூன் வெளிப்படையாக அறிவித்தார். அல்லாஹ்வுடன் மற்றொன்றும் தொடக்கமற்றதாக இருப்பின் ஏகத்துவம் பழுதுபடும் என்பது இக்கொள்கையின் வாதம். அல்லாஹ்வின் பேச்சு அவனது பண்பு, அதனைப் படைப்பு எனல் ஆகாது என்பது அஹ்லுஸ் ஸுன்னாவின் நிலைப்பாடு. ஆறு ஆண்டுகள் இது வாதமாகவே இருந்தது. ஹிஜ்ரி 218இல் (கி.பி. 833) ஆணையாயிற்று.

மிஹ்னா இயங்கிய விதம்

அவ்வாண்டு ரோமானிய எல்லைப் போர்க்களப் பகுதியிலிருந்த மஃமூன், பக்தாதின் ஆளுநர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்கு எழுதிய கடிதங்களை இமாம் தபரீ (ரஹ்) தம் வரலாற்று நூலில் பாதுகாத்துள்ளார். அவற்றைக் கூர்ந்து வாசிப்போர், இது கொள்கை வெறியின் கொந்தளிப்பு அன்று, திட்டமிட்ட ஆட்சி நடவடிக்கை என்பதை உணர்வர்.

முதற்கடிதம் காழிகளைச் சோதிக்கச் சொல்கிறது. கொள்கையை ஏற்காதவர் அரசுப் பணிக்குத் தகுதியற்றவர். அவ்வாறு சோதிக்கப்பட்ட காழிகள், தம் முன் சாட்சி சொல்ல வருவோரைச் சோதிக்க வேண்டும். ஏற்காதவரின் சாட்சியம் செல்லாது. இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். நிக்காஹ், சொத்துரிமை, கடன், வழக்கு என மக்களின் அன்றாட வாழ்வு முழுவதும் சாட்சியத்தின் மேல் நிற்கிறது. சாட்சியின் தகுதியைக் கையில் எடுத்துக்கொண்டதன் மூலம், கலாம் கலையின் நுட்பமான ஒரு வினாவை அரசு சந்தைத் தெருவரை கொண்டுசென்றுவிட்டது.

அடுத்து, இப்னு ஸஅத், யஹ்யா இப்னு மயீன் உள்ளிட்ட ஏழு அறிஞர்கள் கலீஃபாவிடம் அனுப்பப்பட்டு, அவர் முன்னிலையில் இசைந்து திரும்பினர். பின்னர் பக்தாதின் அறிஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் ஆளுநர் முன் நிறுத்தப்பட்டனர். பலர் நழுவலான விடைகள் கூறினர். அவ்விடைகளைப் படித்த மஃமூன் எழுதிய மறுமொழியில், ஒவ்வொருவரின் பெயரையும் குறித்து, இவர் இன்ன முறைகேடு செய்தவர், இவர் இன்ன வகையில் பொருளாசை கொண்டவர் என்று பழிகளை அடுக்கினார். இருவருக்குக் கொலை மிரட்டலும் விடுத்தார். அறிவின் பெயரால் தொடங்கிய ஒரு முயற்சி வாதத்தைக் கைவிட்டு, மனிதரின் குறைகளையும் அச்சத்தையும் ஆயுதமாக எடுத்துக்கொண்ட இடம் இதுவே.

மிரட்டலுக்குப்பின் நால்வர் மட்டுமே மறுத்து நின்றனர். அடுத்தடுத்த நாட்களில் அவர்களுள் இருவர் இசைந்தனர். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்), முஹம்மத் இப்னு நூஹ் (ரஹ்) ஆகிய இருவரும் விலங்கிடப்பட்டுக் கலீஃபாவை நோக்கி அனுப்பப்பட்டனர். அவர்கள் சென்றடையுமுன் மஃமூன் மறைந்தார். திரும்பும் வழியில் முஹம்மத் இப்னு நூஹ் உயிர்நீத்தார். அடுத்த கலீஃபா முஃதஸிமின் ஆட்சியில் இமாம் அஹ்மத் சிறையில் வைக்கப்பட்டு, கலீஃபாவின் முன்னிலையில் சாட்டையால் அடிக்கப்பட்டார். அன்னார் கேட்டதெல்லாம் குர்ஆனிலிருந்தோ ஸுன்னாவிலிருந்தோ ஒரு சான்று காட்டுமாறுதான். சான்று கேட்டவர் அடிபட்டார். சான்றின் பெயரால் எழுந்த இயக்கத்தைச் சேர்ந்தவரும் தலைமைக் காழியுமான அஹ்மத் இப்னு அபீதுஆத் அவ்வவையில் அமர்ந்திருந்தார். இக்காட்சியை விடக் கூர்மையான திறனாய்வு முஃதஸிலாவுக்கு வேறெதுவும் தேவையில்லை.

கலீஃபா வாஸிக்கின் ஆட்சியில் கொடுமை முதிர்ந்தது. ஹிஜ்ரி 231இல் (கி.பி. 846) அஹ்மத் இப்னு நஸ்ர் அல்குஸாயீ (ரஹ்) கலீஃபாவின் கையாலேயே வெட்டப்பட்டார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் முதன்மை மாணவர் புவைதீ (ரஹ்) எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்டு பக்தாத் சிறையில் விலங்கோடு மறைந்தார். அதே ஆண்டு ரோமானியருடன் கைதிப் பரிமாற்றம் நடைபெற்றபோது, மீட்கப்படவேண்டிய முஸ்லிம் கைதிகளிடமும் கல்குல் குர்ஆன் பற்றி வினவப்பட்டது. மறுத்தவர் மீட்கப்படாமல் விடப்பட்டனர் என்று தபரீ பதிவு செய்கிறார். எல்லைக்காகப் போரிட்டுச் சிறைப்பட்டவன், ஒரு கலாம் வினாவுக்கு விடையளிக்கத் தவறியதால் மீண்டும் எதிரியின் கையிலேயே விடப்பட்டான்.

பொறுப்பு எவருடையது?

மிஹ்னாவின் முழுப்பழியையும் முஃதஸிலாவின் மீது சுமத்துதல் சரியா என்னும் வினாவை இக்கால ஆய்வாளர்கள் எழுப்பியுள்ளனர். ஜோர்தானிய அறிஞர் ஃபஹ்மீ ஜத்ஆன் 1989இல் வெளியிட்ட ‘அல்மிஹ்னா’ என்னும் விரிவான ஆய்வில், இது கலீஃபாவின் அதிகார நோக்கிலிருந்து எழுந்தது, முஃதஸிலா இயக்கத்தை அதன் மூலகாரணமாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது என்று வாதிடுகிறார். அவர் கூற்றில் வலுவுண்டு. கல்குல் குர்ஆனை வலியுறுத்திய பிஷ்ர் அல்மரீஸீ முஃதஸிலா அல்லர். மாறாக, பக்தாதின் முஃதஸிலாக்களுள் ஜஅஃபர் இப்னு ஹர்ப் போன்ற துறவு மனத்தினர் அரச செல்வத்தை வெறுத்து ஒதுங்கியிருந்தனர்.

எனினும் இவ்விளக்கம் முழு விடுதலையைத் தந்துவிடாது. இப்னு அபீதுஆத் மூன்று கலீஃபாக்களின் காலத்தில் இதன் நடுநாயகமாக விளங்கினார். அரபு உரைநடையின் பேராசானாகிய ஜாஹிள் தம் எழுத்தில் மிஹ்னாவுக்கு நியாயம் கற்பித்தார். சாட்டையைச் செய்தவர்கள் அவர்கள் அல்லர் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அது ஓங்கப்பட்டபோது, நன்மையை ஏவுதல் என்னும் தம் அடிப்படையை நினைவுகூர்ந்து தடுத்தவர் அவ்வவையில் எவருமிலர். அம்ர் இப்னு உபைதின் வழித்தோன்றல்கள் அவர் நின்ற இடத்தைக் காலிசெய்துவிட்டனர். அவ்விடத்தில் இமாம் அஹ்மத் (ரஹ்) நின்றார்கள்.

ஆட்சியில் நேர்ந்த மாற்றம்

கலீஃபா முதவக்கில் ஹிஜ்ரி 234 அளவில் (கி.பி. 848) மிஹ்னாவுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். ஹிஜ்ரி 237இல் இப்னு அபீதுஆதின் குடும்பத்தார் பதவியிழந்தனர். பதினைந்தாண்டுகள் நடந்த சோதனை ஒரு முடிவை ஐயமின்றி நிலைநாட்டிற்று. அகீதாவை வரையறுக்கும் உரிமை கலீஃபாவுக்கு இல்லை; அது கற்றறிந்தோர் சமூகத்துக்கே உரியது. மஃமூன் எதனைத் தம் கைக்குள் கொணர முயன்றாரோ, அதுவே நிலையாகக் கைநழுவிற்று. பிற்காலக் கலீஃபாக்கள் அறிஞர்களின் கொள்கைக்குத் துணை நின்றனர்; தாமே ஒரு கொள்கையை இயற்றி அவர்கள் மேல் திணிக்கும் ஆற்றல் அவர்களிடம் இல்லை. சட்டத்தின் ஊற்று அரண்மனையில் இல்லை, அறிஞரின் பாயில் உள்ளது என்னும் இவ்வேற்பாடு, முஸ்லிம் சமூகங்களின் அரசமைப்பு வரலாற்றில் நேர்ந்த பெரும் திருப்பங்களுள் ஒன்று. அறிவின் இயக்கம் ஆட்சியில் விளைவித்த மாற்றங்களுள் மிகப் பெரியது, அது விரும்பியதற்கு நேரெதிராக விளைந்தது.

சமூகத்தில் எஞ்சியவை

அரசவையில் தோற்ற இயக்கம் கல்வியவையில் தோற்கவில்லை. நாற்பது வயதளவில் முஃதஸிலாவை விட்டு விலகிய இமாம் அஷ்அரீ (ரஹ்), அதன் முடிவுகளை மறுத்தார். அதன் கருவியாகிய தர்க்க முறையைக் கைவிடவில்லை. ஸமர்கந்தில் இமாம் அபூமன்ஸூர் அல்மாதுரீதீ (ரஹ், வஃபாத்: ஹி. 333 / கி.பி. 944) தம் ‘கிதாபுத் தவ்ஹீத்’ நூலில் புலனறிவு, செய்தி, சிந்தனை ஆகியவற்றை அறிவின் வாயில்களாக நிறுவிய பின்னரே அகீதாவைப் பேசத் தொடங்குகிறார்.

உஸூலுல் ஃபிக்ஹ் துறையின் தூண்களாக இப்னு கல்தூன் எண்ணும் நான்கு நூல்களுள் இரண்டு, இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்), இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) ஆகியோருடையவை. மற்ற இரண்டும் முஃதஸிலாக்களான காழி அப்துல் ஜப்பார் (வஃபாத்: ஹி. 415 / கி.பி. 1025), அபுல் ஹுஸைன் அல்பஸரீ ஆகியோருடையவை. ஸமக்ஷரீயின் ‘கஷ்ஷாஃப்’ தஃப்ஸீர், சொல்லாட்சி நுட்பத்தைத் திருக்குர்ஆன் விளக்கத்தில் பயன்படுத்திய விதத்துக்காக அதன் மறுப்பாளராலும் பயிலப்பட்டது. அதன் முஃதஸிலாக் கருத்துகளைக் களைந்து, மொழிநுட்பத்தைப் பெருமளவு தக்கவைத்துக்கொண்டு எழுதப்பட்டதே நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘தஃப்ஸீருல் பைளாவீ’. ‘ஷரஹுல் அகாயித்’ விளக்கும் நஸஃபீயின் மூல நூலோ, அறிவைப் பெறும் காரணங்களாக நலமான புலன்கள், உண்மையான செய்தி, அக்ல் ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே வரிசைப்படுத்துகிறது. அறிவு விளக்கு அணைந்துவிட்டது என்று அஹ்மத் அமீனின் வழிவந்தோர் வருந்தும் அதே நூற்றாண்டுகளில், அவ்விளக்கு அஹ்லுஸ் ஸுன்னாவின் பாடசாலைகளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. அதனை ஏந்தியோர் பெயரை மாற்றியிருந்தனர்.

கைமாறிய சாட்டை

இங்கே நிறுத்திக்கொண்டால் நம் தரப்புக்கு இனிமையாக முடியும். வரலாறு அவ்வாறு நிற்கவில்லை. மிஹ்னாவை நிறுத்திய முதவக்கில்தான், ஹிஜ்ரி 235இல் முஸ்லிமல்லாதார் மீது இழிவான உடைக் கட்டுப்பாடுகளை விதித்தார். மறுவருடம் கர்பலாவில் இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் அடக்கத்தலத்தை இடிக்க ஆணையிட்டார். ஹிஜ்ரி 408இல் கலீஃபா காதிர், முஃதஸிலாச் சார்புடைய ஹனஃபீ ஃபகீஹ்களைத் தவ்பா செய்யுமாறு நிர்ப்பந்தித்தார். அன்னாரின் பெயரால் வழங்கும் காதிரிய அகீதா, குர்ஆன் படைக்கப்பட்டது என்பவனின் குருதி ஹலாலாகும் என்றது. ஹிஜ்ரி 465இல் (கி.பி. 1072) ஹன்பலீ மத்ஹபின் மேதை இப்னு அகீல் (ரஹ்), முஃதஸிலா நூல்களைப் பயின்ற குற்றத்துக்காகப் பொதுமக்கள் முன்னிலையில் தம் கருத்துகளைத் துறக்க நேர்ந்தது. அஷ்அரிய்யாக்களும் தப்பவில்லை. ஸல்ஜூக் அமைச்சர் குந்துரீயின் காலத்தில் நைஸாபூரின் மிம்பர்களில் அவர்கள் சபிக்கப்பட்டனர். இமாமுல் ஹரமைன் ஊரைத் துறந்து ஹிஜாஸில் வாழ்ந்தார்கள்.

ஒரு காலத்தில் அடிபட்டோரின் கொள்கையைச் சேர்ந்தோரே பிறிதொரு காலத்தில் அடிப்போரின் பக்கம் நின்றனர். கலீஃபாவால் அகீதாவை இயற்ற முடியாது என்னும் பாடத்தைச் சமூகம் கற்றுக்கொண்டது. அகீதாவைக் காக்கச் சாட்டை வேண்டும் என்னும் எண்ணத்தை மட்டும் அது கைவிடவில்லை. காழி அப்துல் ஜப்பாரின் ‘அல்முக்னீ’ என்னும் பெருநூல் நம் உலகின் மையநகரங்களிலிருந்து மறைந்து, யமனின் ஸைதிய்யா நூலகங்களில் எஞ்சியிருந்து, 1950களின் தொடக்கத்தில் எகிப்திய ஆய்வுக்குழுவால் கண்டெடுக்கப்பட்டது. அதன் இருபது பாகங்களுள் பதினான்கே கிடைத்தன. மறுக்கத்தக்க நூலாகவே இருக்கட்டும். மறுப்பதற்கும் நூல் கையில் இருக்க வேண்டுமன்றோ? எதிராளியின் சொல்லை எதிராளியின் நூலிலிருந்தே அறிதல் என்னும் நேர்மையை, நாம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் இழந்திருந்தோம்.

முடிவாக

முஃதஸிலாக்களின் அகீதாவில் நாம் உடன்படாத இடங்கள் பல. இறைவனின் செயல்களை மனித அறிவின் அளவுகோலால் கட்டுப்படுத்த முயன்றது அவற்றுள் முதன்மையானது. மூன்று சகோதரர்கள் பற்றிய வினா அதனைத்தான் சுட்டுகிறது. அவ்வுடன்பாடின்மையை நம் இமாம்கள் வாதத்தால் நிறுவினர். வாதத்தால் வென்றது இன்றும் நம் பாடநூல்களில் நிலைத்திருக்கிறது. மஃமூன் சாட்டையால் வென்றதோ ஏறத்தாழ பதினைந்தாண்டுகளே நின்றது.

ஆகவே முஃதஸிலாவின் வீழ்ச்சி அறிவின் வீழ்ச்சி என்று மகிழ்வோரும் அழுவோரும் ஒரே தவறைச் செய்கின்றனர். வீழ்ந்தது, அறிவு கடன்வாங்கிய அதிகாரம். இன்று கலீஃபாவும் இல்லை, இப்னு அபீதுஆதும் இல்லை. ஆனால் ஒரு மஸ்அலாவில் மாறுபட்டவரின் பின்னால் தொழுவது கூடுமா, அவர் வீட்டு நிக்காஹுக்குச் செல்லலாமா, அவர் ஜனாஸாவை நம் மையவாடியில் அடக்கலாமா என்று மக்களைச் சோதிக்கும் சிறு மிஹ்னாக்கள் நம் மஹல்லாக்களில் நடப்பதை மறுக்க இயலாது. மஃமூனின் கடிதமும் சாட்சியின் தகுதியிலிருந்துதான் தொடங்கிற்று என்பதை அத்தகைய தீர்மானங்களில் கையொப்பமிடும் முன் ஜமாஅத் பொறுப்பாளர்கள் நினைவுகூர்தல் நலம்.

ஆலிம்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ‘ஷரஹுல் அகாயித்’ முன்னுரையின் அவ்விரு நிகழ்ச்சிகளை ஓதிக்கொடுக்கும் வகுப்பில், அவற்றுக்கு இடைப்பட்ட வரலாற்றையும் மாணவருக்கு எடுத்துரைப்போமாக. அம்ர் இப்னு உபைத் மன்ஸூரின் அவையிலிருந்து வெறுங்கையோடு மீண்டதையும், இமாம் அஹ்மத் (ரஹ்) முஃதஸிமின் அவையில் சான்று கேட்டு நின்றதையும் ஒருசேரக் கேட்கும் மாணவன், அகீதாவில் அவ்விருவரையும் பிரித்தறிவான். அதிகாரத்தின் முன் இருவரும் நின்ற நிலை ஒன்றே என்பதையும் அறிந்துகொள்வான். வல்ல அல்லாஹ் நமக்கு நேரிய அறிவையும், அதனை நேரிய முறையில் எடுத்துரைக்கும் பண்பையும் அருள்வானாக!